ஆடலை ஆக்கிய அம்மையார்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று மாலை நம் பிள்ளைகள் இம்மேடையிலே ஆடினார்கள். நாமும் கைதட்டி மகிழ்ந்தோம். ஆடியவர்களின் பெயர்கள் நிகழ்ச்சி நிரலிலே இருக்கின்றன. பாடியவரின் பெயரும் இருக்கின்றது. ஆனால், இந்தச் சொல்லுக்கு இந்தக் கை பிடிக்க வேண்டும், இந்தத் தாளத்துக்கு இந்த அடி வைக்க வேண்டும், இருவர் முன்னே வரும்போது நால்வர் பின்னே விலக வேண்டும் என்று பல நாள் எண்ணி எண்ணி அந்த ஆடலை ஆக்கியவர் ஒருவர் உண்டல்லவா? அவருடைய பெயரை நாம் தேடிப் பார்ப்பதுண்டா? கோயிலைக் கண்டு வணங்குகிறோம். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறோம். சிற்பியை நினைப்பவர் சிலரே. ஆடலுக்கும் அதே கதிதான்.

அவ்வாறு ஆடலை ஆக்கியோரிலே நம் காலத்துக்கு அண்மையில் வாழ்ந்து, தமிழர் உலகெங்கும் அறியப்பட்ட ஓர் அம்மையாரைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். அவர்தாம் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல். அவருடைய சரித்திரத்தைச் சொல்லிவிட்டு, அது கினிகத்தேனையிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் நமக்கு என்ன சொல்லுகின்றது என்பதையும் கூறுவேன். பின்னே சொல்லுவது சிலருக்குச் சற்றுக் கசக்கவும் கூடும். மருந்தென்று எண்ணிப் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

ஆடலாசான் என்பவர் யார்?

ஆடலை அமைக்கும் தொழில் மேனாட்டாரிடமிருந்து நமக்கு வந்தது என்று எண்ணுவோர் உண்டு. அது பிழை. சிலப்பதிகாரத்திலே அரங்கேற்று காதை என்று ஒரு பகுதி இருக்கின்றது. மாதவி ஐந்து வயதிலே ஆடல் கற்கத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாவது வயதிலே சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறிய வரலாற்றை இளங்கோவடிகள் அங்கே கூறுகின்றார். ஆனால், அவளுடைய ஆட்டத்தைப் பாடுவதற்கு முன்னே, அந்த ஆட்டத்தை உண்டாக்கியவர்களின் தகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக வகுத்துரைக்கின்றார். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், மத்தளம் முழக்கும் தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழோன் என அறுவருக்கும் அங்கே இடமுண்டு. அரங்கின் அளவுகூடச் சொல்லப்பட்டிருக்கின்றது: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல்.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது யாது? ஆடல் ஒருவருடைய தனிச் சொத்தன்று. ஆடலாசான் நடுவே நின்று மற்றவர்களின் கலைகளையெல்லாம் ஒன்றுசேர்க்கின்றான். தண்ணுமை முழக்குபவனும் அங்கே ஆசிரியனாகவே மதிக்கப்படுகின்றான். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்கு இது தேவைப்படும்.

அம்மையாரின் வாழ்வு

ருக்மிணி தேவி 1904ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 29ஆம் திகதி மதுரையிலே பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரியார் பொறியியலாளர், வடமொழி வல்லவர், பிரம்மஞான சபையில் ஈடுபட்டவர். அதனால் அந்தக் குடும்பம் சென்னை அடையாற்றிலே குடியேறியது. 1920இல், தமது பதினாறாவது வயதில், அச்சபையைச் சேர்ந்த ஜோர்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயரை ருக்மிணி மணந்தார். அந்தணர் குலத்துப் பெண் வெள்ளையர் ஒருவரை மணப்பதாவது என்று சென்னை நகரமே கொந்தளித்தது. ஊராரின் ஏச்சுக்குப் பணியாமல் நிற்பதற்கு அவர் அன்றே பழகிக்கொண்டார் என்று சொல்லலாம்.

கணவருடன் பல நாடுகளுக்கும் பயணம் செய்தபோது, உலகப் புகழ்பெற்ற ருஷிய நடனமாது அன்னா பாவ்லோவாவின் நட்பு அவருக்குக் கிடைத்தது. பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நோர்டி என்பவரிடம் மேனாட்டுப் பாலே நடனத்தையும் கற்கத் தொடங்கினார். ஆனால், உன் சொந்த நாட்டின் கலையைத் தேடிப் பார் என்று பாவ்லோவா அவருக்கு அறிவுரை கூறினாராம். கடல் கடந்து வந்த ஒருத்தி சொல்லித்தான் நம் வீட்டுப் பெட்டியை நாம் திறந்து பார்க்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

அக்காலத்திலே அந்தப் பெட்டி எந்த நிலையில் இருந்தது? சதிர் என்றும் தாசியாட்டம் என்றும் வழங்கிய நம் நடனம், கோயில்களிலும் அரசவைகளிலும் இசைவேளாளர் குலத்துப் பெண்களாலும் நட்டுவனார்களாலும் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வந்தது. அரசர்கள் மறைந்தார்கள், மானியங்கள் குறைந்தன. தேவதாசி முறையை ஒழிக்க வேண்டுமென்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் போன்றோர் போராடினார்கள். அதற்கு நியாயமும் இருந்தது. 1947இல் சென்னை மாகாணத்திலே அதற்கெனச் சட்டமும் வந்தது. ஆயினும், முறை ஒழியும்போது கலையும் உடன் ஒழிந்துவிடுமோ என்று அஞ்சியவர்களும் இருந்தார்கள். வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் தாமே பெண் வேடம் புனைந்து ஆடிக்காட்டி, இக்கலை இழிந்ததன்று என்று வாதாடினார். சென்னை சங்கீத வித்வத் சபை அதனைத் தன் மேடையில் ஏற்றியது. அந்த மேடையிலே, 1930களின் முற்பகுதியில், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவியர் ஆடக் கண்ட ருக்மிணி தேவி தம் மனத்தைப் பறிகொடுத்தார்.

உடனே கற்கத் தொடங்கினார். வயதோ முப்பதை எட்டிக்கொண்டிருந்தது. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலைச் சார்ந்த கௌரி அம்மாளிடமும், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். 1935 டிசம்பரில், பிரம்மஞான சபையின் வைர விழாவின்போது அடையாற்றிலே முதன்முதலாகப் பலர் முன்னிலையில் ஆடினார். உயர்குலப் பெண் ஒருத்தி சதிராடுவதா என்று முகம் சுளித்தவர்களும் அங்கே வந்து பார்த்தார்கள் என்பர். அடுத்த மாதமே, அதாவது 1936 சனவரியில், அவர் தொடங்கிய கலைநிலையமே பின்னாளில் கலாக்ஷேத்திரம் என்று பெயர் பெற்றது. அடையாற்றிலே மரத்தடியில் தொடங்கிய அப்பள்ளி, பின்னர் திருவான்மியூரில் ஏறத்தாழ 100 ஏக்கர் நிலத்திலே வளர்ந்தது. 1993இல் இந்தியப் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஏற்றுக்கொண்டது.

அம்மையார் 1952இல் மேற்சபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1960இல் நிறைவேறிய விலங்கு வதைத் தடைச் சட்டத்துக்கு அவரே முக்கிய காரணர். 1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு பிரதமர் மொரார்ஜி தேசாய் கேட்டபோது வேண்டாமென்று மறுத்தார். 1986 பெப்ரவரி 24இல் மறைந்தார். பதவி வரும், போகும். ஆக்கிய ஆடல் நிற்கும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

ஆடலை அவர் ஆக்கிய விதம்

இனி அவர் ஆடல்களை எவ்வாறு ஆக்கினார் என்பதைக் காண்போம். இங்கேதான் நம் வாலிபர்கள் கற்க வேண்டிய பாடங்கள் உள்ளன.

முதலாவது, கதைத் தெரிவு. 1944இல் அவர் அமைத்த பெரிய நாட்டிய நாடகம் திருக்குற்றாலக் குறவஞ்சி. திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய இத்தமிழ் நூலை நம்மிற் பலர் பாடசாலையிலே படித்திருக்கின்றோம். வசந்தவல்லி பந்தாடுகின்றாள், குற்றாலநாதர் பவனி கண்டு காதல் கொள்ளுகின்றாள், குறத்தி வந்து தன் மலையின் வளத்தைப் பெருமிதத்தோடு சொல்லிக் கையைப் பார்த்துக் குறி கூறுகின்றாள். மலைநாட்டுப் பெண் தன் மலையைப் பற்றித் தலைநிமிர்ந்து பேசும் இலக்கியம் அது. தம் முதற் பெரும் படைப்புக்கு அம்மையார் அந்தக் கதையைத் தேர்ந்தது மலையகத்தாராகிய நமக்குத் தனி மகிழ்ச்சி தருவதாகும்.

இரண்டாவது, பாட்டும் இசையும். அம்மையார் ஆட்டத்தை முதலில் அமைத்துவிட்டு அதற்கொரு பாட்டைத் தேடியவர் அல்லர். பெரும் வித்துவான்களைத் தம் கலைநிலையத்துக்கே அழைத்து வந்து குடியிருத்தினார். குறவஞ்சிக்கு வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார். காளிதாசரின் குமார சம்பவத்தை 1947இல் நாட்டிய நாடகமாக்கியபோது டைகர் வரதாச்சாரியாரின் இசை அதற்கு அமைந்தது. பாபநாசம் சிவனும் அங்கே ஆசிரியராக இருந்தவர். வால்மீகி இராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக அமைக்க விரும்பியபோது, மைசூர் வாசுதேவாச்சாரியார் இசையமைக்க முன்வந்தார். 1955இல் சீதா சுயம்வரம் அரங்கேறியபோது அந்த முதியவருக்கு வயது ஏறத்தாழ தொண்ணூறு! நான்கு நாடகங்களுக்கு இசை அமைத்துவிட்டு 1961இல் அவர் காலமானார். எஞ்சிய இரண்டையும் அவருடைய பேரர் இராஜாராம் நிறைவு செய்தார். ஆறாவதாகிய மகா பட்டாபிஷேகம் 1970இல் அரங்கேறியது. ஆறு நாடகங்களுக்குப் பதினைந்து ஆண்டுகள்! விழாவுக்கு இரண்டு கிழமைக்கு முன்னே பாட்டைத் தேடத் தொடங்கும் நாம் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அசைவு. பரதநாட்டியம் பெரும்பாலும் ஒருத்தி தனித்து ஆடும் ஆட்டமாக வளர்ந்தது. ஒரே நடிகை நாயகியாகவும் தோழியாகவும் தலைவனாகவும் மாறி மாறி அபிநயிப்பாள். நாடகத்திலோ பலர் ஒரே வேளையில் மேடையில் நிற்கின்றனர். இராமனுக்கு ஒரு நடை, இராவணனுக்கு ஒரு நடை, அனுமானுக்கு ஒரு நடை வேண்டும். இதற்காக அம்மையார் கேரளத்திலிருந்து கதகளி ஆசான்களாகிய அம்பு பணிக்கரையும் சந்து பணிக்கரையும் வரவழைத்தார். மாணவர்கள் பரதத்தையும் கதகளியையும் பயின்றனர். சந்து பணிக்கருடன் 1953இல் சிறுவராக வந்து சேர்ந்த தனஞ்சயன் பின்னாளிற் புகழ்பெற்ற நடனக் கலைஞரானார். தஞ்சை மாவட்டத்து மெலட்டூரிலே ஆண்களே பெண் வேடமும் தரித்து ஆடும் பாகவத மேள நாடகங்களையும் அம்மையார் நேரிற் சென்று கண்டார். அந்த மரபிலிருந்தும் தம் நாடகங்களுக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்டார். கிராமத்துக் கலையென்று அவர் எதனையும் தள்ளிவிடவில்லை.

நான்காவது, மேடையும் உடையும். பழைய சதிரிலே நட்டுவனாரும் பக்க வாத்தியக்காரரும் ஆடுபவளின் பின்னாலேயே நின்று, அவள் முன்னே வந்தால் தாமும் முன்னே வருவார்கள். அவர்களை மேடையின் ஒரு புறத்தே அமரச் செய்தவர் அம்மையார். நடராசர் திருவுருவத்தை மேடையில் வைத்தார். கோயிற் சிற்பங்களையும் பழைய நகைகளையும் பார்த்து ஆடை அணிகளைத் திருத்தினார். தம் நிலையத்திலேயே தறி அமைத்துச் சேலை நெய்வித்தார். கண்ணைப் பறிக்கும் திரைச்சீலைகளை நீக்கி, ஆடுபவரின் உடலும் முகமுமே கதையைச் சொல்லட்டும் என்று விட்டார்.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் அவர் தொழிலின் இரகசியம் விளங்கும். எல்லாக் கலைகளிலும் தாமே வல்லவரென்று அவர் எண்ணவில்லை. வல்லவர்களைத் தேடிச் சென்றார். அவர்கள் காலடியில் அமர்ந்தார். அவர்கள் தந்ததை ஒரே நோக்கத்தின் கீழே கோத்தார். சிலப்பதிகாரம் கூறிய அறுவரும் கலாக்ஷேத்திரத்து மரநிழலிலே மீண்டும் ஒன்றுகூடினர் எனலாம்.

மறுபக்கமும் உண்டு

அன்பர்களே! ஒருவரைப் போற்றும்போது மறுபக்கத்தை மறைப்பது அறமன்று.

அம்மையார் பழைய சதிரிலிருந்த சிருங்காரச் சுவையைக் குறைத்துப் பக்திச் சுவையை முன்வைத்தார். பல பழைய பதங்களை ஒதுக்கினார். கலையைத் தூய்மை செய்ததாக அவரைப் போற்றினார்கள். ஆனால், இசைவேளாளர் மரபிலே உதித்த மாபெரும் கலைஞராகிய தஞ்சாவூர் பாலசரசுவதி அம்மையார் அதனை ஏற்கவில்லை. சிருங்காரமே பக்தியின் உயர்ந்த வடிவம். அழுக்கு இல்லாத ஒன்றுக்குத் தூய்மை எதற்கு என்பது அவர் கொள்கை. 1975இல் சென்னைத் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையிலும் இக்கலையின் பழைய முறையே முழுமையானதென்று அவர் விரிவாக எடுத்துரைத்தார். பாலசரசுவதியும் ருக்மிணி தேவியும் கௌரி அம்மாள் என்னும் ஒரே ஆசிரியையிடம் அபிநயம் கற்றவர்கள் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

அந்தக் கௌரி அம்மாள் என்னவானார்? அவர் காத்து வைத்திருந்த கலை சபா மேடைகளிலே ஏறியது. சென்னை நகரத்து உயர்குலப் பெண்கள் அதனைக் கற்றுப் பெருமை பெற்றார்கள். அவரோ பிற்காலத்தில் வறுமையிலே வாழ்ந்து 1971இல் மறைந்தார். குற்றம் ஒருவருடையதன்று, ஒரு சமூகமே செய்த காரியம் அது. ஒரு கலையை உயர்த்தும்போது அதைச் சுமந்து வந்தவர்களையும் உடன் உயர்த்தினோமா என்னும் கேள்வி இன்றும் விடை தேடி நிற்கின்றது.

நமக்குத் தெரிந்த உவமை ஒன்று சொல்லுகின்றேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டாவிட்டால் அது மரமாகிவிடும், கொழுந்து தராது. ஆகவே வெட்டத்தான் வேண்டும். ஆனால், எங்கே வெட்டுவது, எவ்வளவு விடுவது என்பதைக் கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பழகியவரே அறிவார். கணக்குத் தெரியாமல் வெட்டினால் செடியே பட்டுவிடும். அம்மையார் வெட்டியது சரியான அளவா, மிகுதியா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகின்றார்கள். வாதம் தொடரட்டும். நம் கைக்குக் கத்தி வரும்போது நாம் கவனமாயிருக்க வேண்டும் என்பதே எனக்கு முக்கியம்.

நம் இலங்கையிலே

இத்துறையிலே நம் நாடும் பின்தங்கியதன்று. கொழும்பிலே 1877இல் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசாமி, அபிநய தர்ப்பணம் என்னும் வடமொழி நூலை 1917இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, நம் ஆடலின் இலக்கணத்தை மேனாட்டாருக்கு உணர்த்தினார். சிங்களச் சகோதரரிடையே தோன்றிய சித்ரசேன (1921 – 2005) கண்டி நடனத்தைக் கற்றதோடு, கேரளத்திலே கதகளியும் பயின்று, தாகூரின் சாந்திநிகேதனத்திலும் இருந்து வந்தவர். சடங்குக் களத்திலே ஆடப்பட்ட கண்டி நடனத்தை மேடைக்குரிய நாட்டிய நாடகமாக வளர்த்தார்; 1961இல் அவர் அமைத்த கரதிய என்னும் நாடகம் மீனவர் வாழ்வைச் சொல்லுவது. கண்டி நடனத்தைக் காத்து வந்தவர்களும் சமூகத்திலே தாழ்த்தி வைக்கப்பட்ட பறைகொட்டும் குலத்தாரே. அவர்களுடைய கலையைத்தான் இன்று நாடு முழுவதும் தேசியச் செல்வமென்று கொண்டாடுகின்றது.

தமிழரிடையே, 1960களிலே, நமக்கு அண்மையிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு நாட்டுக்கூத்தை எடுத்து, மாணவரைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலிய நாடகங்களை அமைத்தார். விடிய விடிய ஆடும் கூத்தைச் சில மணி நேரத்துள் சுருக்கினார். ஆனால் ஆட்டத்தையும் தாளத்தையும் ஊர் அண்ணாவியாரைக் கொண்டே பழக்கினார். படித்தவரும் கூத்தைப் பார்க்கலாம், ஆடலாம் என்னும் நிலை அதனால் உண்டாயிற்று.

நம் காமன் கூத்து

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்த மலைகளுக்கு நம் முன்னோர் கோப்பிக் காலத்திலே நடந்து வந்தபோது கையிலே பெரிதாக ஒன்றும் கொண்டுவரவில்லை. மாரியம்மனைக் கொண்டுவந்தார்கள், தப்பையும் உடுக்கையும் கொண்டுவந்தார்கள், பொன்னர் சங்கர் கதையையும், அருச்சுனன் தபசையும், காமன் கூத்தையும் நெஞ்சிலே சுமந்து வந்தார்கள். பகல் முழுவதும் மலையிலே உழைத்தவர்கள், இரவிலே பனியையும் பொருட்படுத்தாமல் காமன் பொட்டலிலே கூடினார்கள். மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையிலே கம்பம் ஊன்றி, ரதியும் மன்மதனும் இரவு தோறும் ஆடி, தூதன் ஓடி, வீரபத்திரனும் யமனும் தோன்றி, முடிவிலே காமன் எரிக்கப்படும் அந்தக் கூத்தை இங்கேயுள்ள பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால், வாலிபர்களே, ஒன்றைக் கவனியுங்கள். சிவபெருமானின் நெற்றிக் கண்ணால் மன்மதன் எரிவதும், ரதி புலம்புவதும் காளிதாசரின் குமார சம்பவத்திலே மூன்றாம் நான்காம் சருக்கங்களாக இருக்கின்றன. ருக்மிணி தேவி 1947இல் நாட்டிய நாடகமாக்கியது அந்தக் காவியத்தைத்தான். சென்னையிலே கற்றோர் கூடிக் கண்டு பாராட்டிய காவியத்தின் கதையும், நம் லயத்துப் பாட்டன்மார் எழுத்தறியாமலேயே ஆண்டுதோறும் ஆடிவந்த கதையும் ஒன்றே! அங்கே வீணையும் மிருதங்கமும், இங்கே தப்பு. அங்கே விளக்கொளி, இங்கே தீப்பந்தம். அங்கே வடமொழிச் சுலோகம்; இங்கே வாய்மொழித் தமிழ். ஆகவே, தோட்டத்துக் கூத்துத்தானே என்று இனி ஒருவரும் சொல்லாதிருப்போமாக.

இக்கூத்து பல தோட்டங்களிலே இன்று ஒடுங்கி வருகின்றது. பாட்டு அறிந்த வாத்தியார்மார் முதிர்ந்து வருகின்றனர். பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போகின்றனர். விழா மேடைகளிலே திரைப்படப் பாட்டுக்கு ஆடுவது இலகுவாயிருக்கின்றது. யாரோ அமைத்த அசைவைக் கைபேசியிலே பார்த்து அப்படியே ஆடிவிடலாம். அதிலே ஆடுபவர் உண்டு, ஆக்குபவர் இல்லை. நான் சினிமாவைப் பழிக்க வரவில்லை. மகிழ்ச்சிக்கு அதுவும் இருக்கட்டும். ஆனால், நாம் ஆக்கியது என்று சொல்ல நமக்கென்று ஒன்றும் இல்லாமற் போனால், நாளை நம் பிள்ளைகள் யார் என்று கேட்பவருக்கு எதைக் காட்டுவோம்?

மற்றொன்றையும் மறைக்காமற் சொல்லுகின்றேன். காமன் கூத்துக்கு உயிர் தப்பு. அந்தத் தப்பை அடிப்பவரை நாம் எங்கே நிறுத்துகின்றோம்? சாவு வீட்டுக்கு அழைக்கின்றோம், திருவிழாவுக்கு அழைக்கின்றோம், ஆட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னாலே கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுகின்றோம். பொன்னாடை போர்த்தும்போது அவர் பெயர் நினைவுக்கு வருவதில்லை. பிரட்டுக்களத்திலே எல்லாரும் ஒரே வரிசையில் நின்று ஒரே வேலைக்குப் போகின்றோம். கோயில் முன்றிலிலே மட்டும் வரிசை மாறுவானேன்? இளங்கோவடிகள் தண்ணுமை முழக்குபவனை ஆசிரியன் என்று அழைத்தார். கௌரி அம்மாளின் கலையை ஏற்றுக்கொண்டு அவரைக் கைவிட்ட பிழையைச் சென்னை செய்தது. அந்தப் பிழையைத் தெரிந்துகொண்ட பின்னும் கினிகத்தேனையிலே நாம் செய்யலாகாது.

செய்ய வேண்டியவை

சொல்லிவிட்டுப் போவது எளிது. செயலுக்கு வழி காட்ட வேண்டுமல்லவா? சங்கத்துக்கு நான்கு யோசனைகளை முன்வைக்கின்றேன்.

ஒன்று: வருகின்ற மாசிக்கு முன்னே, அங்கத்தவர் இருவர் மூவராகப் பிரிந்து, சுற்றுத் தோட்டங்களிலுள்ள கூத்து வாத்தியார்மாரிடம் சென்று அமருங்கள். பாட்டை எழுதுங்கள், ஆட்ட அடிகளையும் தப்பு அடிகளையும் கைபேசியிலே பதிவு செய்யுங்கள். எழுதிய ஒரு பிரதியை வாத்தியாரின் கையிலேயே கொடுங்கள். அது அவருடைய சொத்து.

இரண்டு: அடுத்த ஆண்டு விழாவுக்கு, ரதி மன்மதன் கதையிலே ஒரு பகுதியை ஒரு மணி நேரத்து மேடைக் கூத்தாக அமைத்துப் பாருங்கள். பொட்டலிலே நடக்கும் கூத்து விரதமும் நேர்த்தியும் சேர்ந்த வழிபாடு; அதனை இருந்தபடியே விட்டுவிடுங்கள். மேடைக்கு ஆக்குவது வேறு. எதைச் சுருக்குவது, எதை விடுவது என்பதை வாத்தியாரோடு கலந்து தீர்மானியுங்கள். கத்தி யார் கையில் இருந்தாலும் கணக்கு அவருடையதாக இருக்கட்டும்.

மூன்று: வழக்கமாக ரதி வேடத்தை ஆண் பிள்ளைகளே கட்டி வருகின்றனர். மேடைக் கூத்திலாவது நம் பெண் பிள்ளைகள் ஆடட்டும். 1935இலே அடையாற்றில் முகம் சுளித்தவர்களின் பேத்திமார் இன்று அரங்கேற்றம் செய்து பெருமைப்படுகின்றார்கள். தாய்மார்கள் அருகிலிருந்து ஒத்திகை நடத்தினால் அச்சத்துக்கு இடமேது?

நான்கு: அழைப்பிதழிலே கூத்து வாத்தியாரின் பெயரும், தப்பு ஆசிரியர்களின் பெயரும் அச்சாக வேண்டும். விழாத் தலைவர் அமரும் மேடையிலேயே அவர்களுக்கும் நாற்காலி போட வேண்டும். இதற்குச் சங்கத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. மனம் மாத்திரம் வேண்டும். இந்த நான்கிலே ஒன்றைத்தான் செய்ய முடியுமென்றால், இந்த நான்காவதையே செய்யுங்கள் என்று பெரியோர்களைக் கைகூப்பி வேண்டுகின்றேன். மற்ற மூன்றும் அதைத் தொடர்ந்து தாமாகவே நடக்கும். மதிக்கப்படுகின்ற ஆசிரியர் தம் கலையை மறைத்து வைக்கமாட்டார். அவருடைய பிள்ளையும் தப்பைத் தொட வெட்கப்படமாட்டான்.

வாலிப நண்பர்களே! ருக்மிணி தேவி ஆடத் தொடங்கியபோது அவருக்கு இளமை கடந்திருந்தது, மரபு அவருடையதாயிருக்கவில்லை, ஊரும் துணை நிற்கவில்லை. உங்களுக்கோ இளமை இருக்கின்றது. மரபு உங்கள் பாட்டனாருடையது. ஊரும் துணை நிற்கும். வேண்டுவது உழைப்பும் பணிவும் மட்டுமே.